தேர்வுக்கு முந்தைய கடைசி நாட்களில் நம்பிக்கை எங்கிருந்து வரும்?

கேள்வி இதுதான்: தேர்வுக்கு இன்னும் ஆறேழு நாள் இருக்கிறது. மாதக்கணக்கில் படித்தாயிற்று. ஆனால் நாள் நெருங்க நெருங்கப் படித்ததெல்லாம் கரைந்து போவது போல இருக்கிறது. சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் "பாசிட்டிவாக இரு, தைரியமாக இரு" என்கிறார்கள். எப்படி இருப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

நியாயமான குறைதான். "தைரியமாக இரு" என்று சொல்ல ஒரு நொடி போதும், சொன்னவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார், கேட்டவர்தான் ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையை நேரடியாக வரவழைக்கப் பார்க்காதீர்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தெரிந்ததை எழுதிப் பாருங்கள். தெரியும் என்பதற்குக் கையில் ஆதாரம் சேரச் சேர நம்பிக்கை தானாகப் பின்னால் வரும். கடைசி வாரத்தில் நீங்கள் செய்யும் எதையும், தூங்குவது உட்பட, "இது எனக்கு ஆதாரம் சேர்க்கிறதா, குழப்பம் சேர்க்கிறதா" என்ற ஒரே கேள்வியால் அளந்துவிடலாம். இனி விவரமாகப் பார்ப்போம்.

முதலில் அந்த "எல்லாம் மறந்துவிட்டது" உணர்வு. பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் நான் பார்த்தது, இது நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. படிக்காதவனுக்கு மறக்க என்ன இருக்கிறது? பாடத் தலைப்புகளை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு தலைப்பிலும் முழுப் பாடமும் வரிவரியாக எழுந்து வர வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. நினைவு அப்படி வேலை செய்வதில்லை. ஒரு கேள்வி, ஒரு படம், சூத்திரத்தின் முதல் பாதி என்று பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுத்தால்தான் மீதி வரும். வினாத்தாள் அந்தப் பிடியைக் கொடுக்கும். வெறும் தலைப்பு கொடுக்காது.

இன்னொன்றும் உண்டு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன்னையே வைத்து அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதியைக் காட்டும் அவருடைய வரைபடக் கோடு முதல் ஒரு நாளிலேயே செங்குத்தாக இறங்குவதை எல்லாரும் காட்டுவார்கள். அவர் எதை அளந்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மறந்துபோன பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதைத்தான் அவர் அளந்தார். ஒரு மாதம் கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சமானது. அதுவும் அர்த்தமே இல்லாத அசைகளுக்கு! நீங்கள் புரிந்து படித்த பாடம் இதைவிட நன்றாகவே தங்கியிருக்கும். சந்தேகமாக இருந்தால், முற்றிலும் மறந்துவிட்டதாக நினைக்கும் ஒரு பாடத்தை எடுத்து இருபது நிமிடம் உட்காருங்கள். முதல்முறை மூன்று நாள் எடுத்த பாடம் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, கடைசி நாட்களில் எப்படிப் படிப்பது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பதற்றம் வந்ததும் கை தானாகப் புத்தகத்தைப் புரட்டும். கோடு போட்ட வரிகளைத் திரும்பத் திரும்ப வாசிப்போம். வாசிக்க வாசிக்க "ஆமாம், இது தெரியும், இதுவும் தெரியும்" என்று இதமாக இருக்கும். இந்த இதத்தை நம்பக் கூடாது. தெருவில் ஒரு முகத்தைப் பார்த்ததும் தெரிந்தவர் என்று புரிகிறது, ஆனால் பெயர் வரமாட்டேன் என்கிறது அல்லவா, அதே கதைதான். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தேர்வு கேட்பது பெரும்பாலும் இரண்டாவதை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 60 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள், வாசித்தவர்கள் சுமார் 40 சதவீதத்தை மட்டும். இதில் நம் கேள்விக்குத் தேவையான துணுக்கு என்னவென்றால், "எவ்வளவு நினைவிருக்கும் என்று நினைக்கிறீர்கள்" என்று முன்கூட்டியே கேட்டபோது வாசித்த குழுவுக்குத்தான் நம்பிக்கை அதிகம்!

அதனால் இந்த வாரம் உங்களை நீங்களே கேள்வி கேட்க ஆரம்பித்ததும் தன்னம்பிக்கை முதலில் குறையும். பயப்படாதீர்கள். தெரிந்தது குறையவில்லை, பொய்யான இதம்தான் குறைகிறது. முதல் நாள் கொஞ்சம் கசக்கும், மூன்றாம் நாள் அதே பாடத்தில் விடுபட்டவை குறைந்திருப்பதைத் தாளிலேயே பார்ப்பீர்கள். அந்தத் தாளை யார் வந்து பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும் அது நிஜம்.

செய்முறை எளிது. வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, மேலே பாடத்தின் பெயரை எழுதிவிட்டு, பத்து நிமிடம் நினைவில் வருவதையெல்லாம் கிறுக்குங்கள். அழகாக எழுத வேண்டாம், வரிசையும் வேண்டாம். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதை மட்டும் வேறு நிற மையில் சேருங்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அந்த வேறு நிறத்தில் இருப்பதை மட்டும் மறுபடி கேளுங்கள். கணக்கு போன்ற பாடமாக இருந்தால், தீர்த்த கணக்கைப் பார்த்துத் தலையாட்டாமல், விடையை மறைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பழைய வினாத்தாள்கள் கிடைத்தால், குறைந்தது ஒன்றையாவது கடிகாரம் வைத்து முழுசாக எழுதுங்கள். ஆனால் அதைத் தேர்வுக்கு மூன்று நாலு நாள் முன்பே முடித்துவிடுங்கள். முந்தைய நாள் மாலையில் புதிய வினாத்தாளோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. மதிப்பெண் குறைந்தால் திருத்திக்கொள்ள நேரம் இல்லை, ராத்திரித் தூக்கமும் போய்விடும்.

ஒவ்வொரு நாளையும் ஓரளவு தெரிந்த பாடத்தில் தொடங்குங்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. காலையில் முதல் தாளிலேயே முக்கால்வாசி வந்துவிட்டால், அடுத்து கஷ்டமான பாடத்தில் உட்காரும் மனநிலையே வேறாக இருக்கும்.

இனி "பாசிட்டிவ்" விஷயத்துக்கு வருவோம். கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளன், நான் முதலிடம் பெறுவேன்" என்று சொல்லிக்கொள்ளச் சொல்பவர்கள் நிறைய. ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. மற்றவர்களுக்கு? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோவன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009-இல் இதைச் சோதித்தார்கள். சுயமதிப்பு குறைவாக இருந்தவர்கள் தங்களைப் பற்றிய இனிப்பான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மனநிலை மோசமாகத்தான் ஆனது. காரணம் ஊகிக்கக்கூடியதே. நம்ப முடியாத ஒன்றைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு குரல் "அப்படியா? போன தேர்வில் என்ன ஆச்சு?" என்று எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடும்.

ஆகவே உங்கள் உள்மனம் மறுத்துப் பேச முடியாத வாக்கியத்தைச் சொல்லுங்கள். "நான் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன்" வேண்டாம். "இந்த எட்டுப் பாடத்தில் ஐந்தை நேற்று புத்தகம் பார்க்காமல் எழுதினேன்" என்று சொல்லுங்கள். உற்சாகமே இல்லாத, வறண்ட வாக்கியம்தான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் பயம் வரும்போது உதவப் போவது அதுதான். எழுதிப் பார்த்த தாள்களைக் கிழித்துப் போடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்வதும் இதற்காகவே.

மனக்கண்ணில் பார்ப்பதற்கும் இதே விதிதான். லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தேர்வுக்கு முந்தைய நாட்களில் மாணவர்களைத் தினமும் சில நிமிடம் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒரு குழு நல்ல மதிப்பெண் வந்து மகிழ்வதை நினைத்துப் பார்த்தது. மற்றொரு குழு மேசையில் உட்கார்ந்து படிப்பதை, எந்த நேரத்தில், எந்தப் பாடத்தை என்று விவரமாக நினைத்துப் பார்த்தது. படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் அதிக நேரம் படித்தார்கள், பதற்றமும் குறைந்தது, மதிப்பெண்ணும் கூடியது. முடிவை மட்டும் ரசித்தவர்களுக்கு அது உதவவில்லை. கற்பனையிலேயே கோப்பையை வாங்கிவிட்டால் கைக்கு என்ன அவசரம்? நீங்கள் கண்ணை மூடிப் பார்ப்பதாக இருந்தால், வினாத்தாளை வாங்குவதை, முதல் பக்கத்தில் இரண்டு கேள்வி தெரியாமல் இருப்பதை, அதைத் தாண்டி மூன்றாவதில் எழுதத் தொடங்குவதைப் பாருங்கள். எல்லாம் சரியாக நடக்கும் படத்தைவிட, ஒன்று தவறி அதை நீங்கள் சமாளிக்கும் படம்தான் பயன் தரும்.

அடுத்தது உடம்பு. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு பிசைகிறது. இதைத் "நான் தயாராகவில்லை" என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். 1967-இல் லீபர்ட், மாரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் தேர்வு பயத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடம்பின் படபடப்பு, மற்றொன்று "போச்சு, தோற்றுவிடுவேன், எல்லாரும் என்ன நினைப்பார்கள்" என்ற கவலைப் பேச்சு. அதற்குப் பின் வந்த ஆய்வுகளிலும் மதிப்பெண்ணைக் குறைப்பதில் கவலைப் பேச்சுக்குத்தான் பெரிய பங்கு. மூளை கணக்குப் போட வேண்டிய இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. படபடப்பு அவ்வளவு மோசமான ஆள் இல்லை.

ஜெரமி ஜேமிசன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட சோதனையில், மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், "படபடப்பு வந்தால் கவலைப்படாதீர்கள், அது மதிப்பெண்ணைக் கெடுப்பதில்லை, உதவவும் கூடும்" என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். அவர்கள் மாதிரித் தேர்விலும், பிறகு உண்மைத் தேர்விலும் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் காட்டியது இதற்குப் பக்கத்தில் வருவது: "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்ல முயன்றவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சிலும் கணக்கிலும் மேலாகச் செய்தார்கள். பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் ஏறக்குறைய ஒரே படபடப்புதான், அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது, ஓடுகிற நெஞ்சை நிறுத்துவதைவிட எளிது.

கவலைப் பேச்சைக் காகிதத்தில் கொட்டிவிடச் சொல்வார்கள். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் பயத்தை எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்ததாக 2011-இல் ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. 2018-இல் வேறு குழுவினர் அதன் ஒரு பகுதியைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதினால் இலேசாகும் சுபாவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள். எழுத எழுதப் பயம் பெருகும் ஆளாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. படித்த பிறகு விழித்திருப்பவர்களைவிடத் தூங்குபவர்கள் குறைவாக மறக்கிறார்கள் என்பது 1924-லேயே சோதித்துப் பார்த்த விஷயம். ராத்திரி இரண்டு மணிவரை விழித்துச் சேர்க்கும் நாலு பக்கத்துக்காக, பகலில் படித்ததை எல்லாம் பணயம் வைக்கிறோம். காபி இன்னொரு வில்லன். தூங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பு குடித்த கணிசமான அளவு காஃபின்கூட ஒரு மணி நேரத்துக்கும் மேலான தூக்கத்தைத் தின்றுவிடுவதாக 2013-இல் ஒரு சோதனை காட்டியது. எனவே பிற்பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேர்வு காலையில் என்றால், இந்த வாரம் முழுக்க அதே நேரத்தில் எழுந்து அந்த மணி நேரங்களில் பாடத்தோடு உட்கார்ந்து பழகுங்கள். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லையா? ஒரு ராத்திரிதானே. அதற்கு முந்தைய நாட்களில் தூங்கியிருந்தால் சமாளித்துவிடலாம். படுத்துக்கொண்டு அதைப் பற்றியே கவலைப்படுவதுதான் கூடுதல் கெடுதல்.

மனிதர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். "நீ அந்தப் பாடம் முடித்துவிட்டாயா? நான் மூன்று தடவை முடித்துவிட்டேன்" என்று கேட்டுவிட்டுப் போகும் நண்பரை இந்த ஒரு வாரம் தள்ளி வையுங்கள். நட்பு ஒன்றும் கெட்டுவிடாது. வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பத்து மணிக்கு "இது நிச்சயம் வரும்" என்று சுற்றும் கேள்விப் பட்டியல்களையும் அப்படியே. அவற்றில் ஒன்றிரண்டு உண்மையிலேயே வரலாம், முக்கியமான பாடத்திலிருந்து யார் ஊகித்தாலும் வரும். ஆனால் அவை உங்கள் நிம்மதியில் எடுத்துக்கொள்ளும் பங்கு பெரியது. இதைப் படிப்பவர் அம்மாவோ அப்பாவோ என்றால் ஒரு வேண்டுகோள்: "எவ்வளவு முடித்தாய்" என்பதற்குப் பதிலாக "இதை எனக்குச் சொல்லிக்கொடு, கேட்கிறேன்" என்று உட்காருங்கள். பிள்ளை புத்தகம் இல்லாமல் விளக்கும் ஒவ்வொரு பாடமும் அந்த ஆதாரக் கோப்பில் சேரும்.

தேர்வறையில் மூளை வெற்றாகிவிடும் கணத்துக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க முடியாது. "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்று சூழ்நிலையையும் செயலையும் சேர்த்து முன்பே முடிவு செய்பவர்கள் வெறும் உறுதிமொழி எடுப்பவர்களைவிட அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் தொடர்ந்து காட்டியிருக்கிறார். உதாரணமாக: "ஒரு கேள்வியில் இரண்டு நிமிடம் எதுவும் தோன்றாவிட்டால், ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன்." "கை நடுங்கினால், பேனாவைக் கீழே வைத்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீளமாக நாலு முறை வெளியே விடுவேன்." இரண்டு மூன்று போதும். தாளில் எழுதி வையுங்கள். மாதிரித் தேர்விலும் அப்படியே செய்து பழகுங்கள்.

ஒருவேளை உண்மையிலேயே படிக்காமல் விட்ட பாடங்கள் இருந்தால்? அப்போது நேர்மறைச் சிந்தனையால் ஒன்றும் ஆகாது, கணக்குப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பாதி தெரிந்த பாடங்களை எடுங்கள், அங்கேதான் ஒரு மணி நேரத்துக்கு அதிக மதிப்பெண் கிடைக்கும். தொடவே தொடாத பாடத்தில், அடிக்கடி கேட்கப்படும் ஒன்றிரண்டு பகுதிகளை மட்டும் பாருங்கள், மீதியைத் துணிந்து விடுங்கள். எதை விடப்போகிறோம் என்று நீங்களே முடிவு செய்து எழுதிவிட்டால், அது தேர்வறையில் அதிர்ச்சியாக வராது.

இதையெல்லாம் மீறித் தொடர்ந்து பல ராத்திரி தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, மூச்சு முட்டுகிறது, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், அது படிப்பு முறையால் சரியாகும் விஷயம் இல்லை. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். தேர்வை மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

முந்தைய நாள் மாலை? நுழைவுச் சீட்டு, பேனாக்கள், போக வேண்டிய வழி எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். எழுதிப் பார்த்த தாள்கள் உள்ள கோப்பை ஒருமுறை புரட்டுங்கள், புதிதாக எதையும் திறக்காதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தாள்கள் இருந்தால், முதல் தாள் முடிந்து வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டத்தில் நிற்காமல் நேராக வீட்டுக்குப் போய்விடுங்கள். எழுதியதை மாற்ற முடியாது, அடுத்த தாளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.